தெப்பக் கயிறு

ஜனவரி 20, திங்கள்

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரையோடு இதையும் சொல்லி அனுப்பியிருக்கிறார். கோபத்தைப் பிள்ளைகள் மேல் காட்டாமல் ஒரு நோட்டில் எழுதித் தீர்க்க வேண்டுமாம். மகிழம்பேரி அரசு மேல்நிலைப்பள்ளியில் இத்தனை வருஷமாக பி.டி. டீச்சராக இருக்கிற உலகம்மாளுக்கு ஒரு நோட்டு எந்த மூலைக்கு?

இன்றைய கோபம் இசக்கிராஜா மேல். பத்தாம் வகுப்பு. தினமும் காலையில் நான் கையில் கத்தரிக்கோலோடு வாசலில் நிற்பேன். பையன்கள் மணிக்கட்டில் கட்டி வருகிற கலர் கயிற்றை வெட்டி டப்பாவில் போடுவேன். ஒரு சாதிக்கு ஒரு கலர். யார் யாரோடு சேரலாம், யாரை அடிக்கலாம் என்று தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ள இந்த ஏற்பாடு. எனக்குப் பட்டப்பெயரே கத்தரிக்கோல் டீச்சர்தான்.

"சாமிக் கயிறு டீச்சர்" என்றான்.

"ஏல, எந்தச் சாமி உங்க ஆளுகளுக்குன்னு தனிக் கலர் குடுத்துச்சு?" என்று கேட்டு வெட்டினேன். நாளைக்கும் கட்டி வருவான். நாளைக்கும் வெட்டுவேன்.

பள்ளிக்கு நூறு வயது ஆகிறது. பிப்ரவரி 10 விழா. வழக்கம்போல நாடகம் என் தலையில்.

ஜனவரி 23, வியாழன்

ஒத்திகை தொடங்கியது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை இழுக்கக் கூடாது என்று கணக்கு டீச்சர் சண்டை. விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த நாடகம் எங்கள் ஊருக்குத் தெரியும், வெளியே யாருக்கும் தெரியாது. அதனால் எழுதி வைக்கிறேன். சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தபோது ஐப்பசி மழையில், பள்ளிக்குப் பின்னால் இருக்கிற தெப்பக்குளத்தில் மீன் பிடிக்கப் போன நாலு பையன்கள் படி வழுக்கி விழுந்தார்கள். ஞானாபரணம் சார் குதித்தார். வெளியூர்க்காரர், நாசரேத்துப் பக்கம். கரையில் இருந்த என் தாத்தா சங்கரபாண்டி, கோயில் தெப்பம் இழுக்கிற கயிற்றை எடுத்து வீசினார். ஊரே சேர்ந்து இழுத்தது. நாலு பிள்ளைகளும் பிழைத்தார்கள். சார் பிழைக்கவில்லை.

அந்தக் கயிற்றைக் கோயில் பள்ளிக்கே கொடுத்துவிட்டது. தலைமையாசிரியர் அறையில் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேருகிற பிள்ளை முதல் நாள் அதைத் தொட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போகும். பொதுத்தேர்வுக்கு முந்தின நாளும் வரிசையில் நின்று தொடுவார்கள். தொட்டவன் எல்லாம் பாஸான மாதிரி வரலாறு இல்லை. ஆனாலும் தொடாமல் போகிற தைரியம் எனக்கே அந்த வயதில் இருந்ததில்லை.

எங்கள் வீட்டுக்கு ஊரில் கயித்துக்காரர் வீடு என்று பெயர். வருஷா வருஷம் நாடகத்தில் அந்த நிஜக் கயிற்றைத்தான் வெளியே எடுப்போம். கடைசி நுனியை எங்கள் வீட்டு மூத்தவர் பிடிக்க வேண்டும். முன்பு தாத்தா. அவருக்குப் பிறகு அப்பா.

நாடகத்தில் ஊர்க்கூட்டமாக நிற்கிற பத்தாம் வகுப்பு அனுசுயா இன்று கேட்டாள். "டீச்சர், சாருக்குத்தான் நீச்சல் தெரியும்லா? நாலு பேரையும் தூக்கிக் குடுத்த மனுசன் பெறவு எப்படி முங்குனாரு?"

ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளை இதைக் கேட்கும். "ஆயுசு அவ்வளவுதாம்ட்டி" என்றேன். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஜனவரி 24, வெள்ளி

மோட்டார் ரிப்பேர். கழிப்பறையில் தண்ணீர் இல்லை. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

ஜனவரி 29, புதன்

தண்ணீருக்காக நீலச் சேலை வசூல். ஆறு சேலை சேர்ந்தது. இரண்டு பக்கமும் பிள்ளைகள் பிடித்து ஆட்டினால் குளம் வந்துவிடும்.

தலைமையாசிரியர் பாக்கியநாதன் சார் குதித்துக்கொண்டு வந்தார். பழைய மாணவர் ஒருவர் சென்னையிலிருந்து போன் செய்தாராம். பெயர் புலமாடன். மின்வாரியத்தில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானாபரணம் சார் முங்கின அன்றைக்கு நானும் தண்ணீரில் இருந்தேன் என்றாராம். காப்பாற்றப்பட்டவர்களில் உயிரோடு ஒருவர் இருக்கிறார், அவரையே சிறப்பு விருந்தினராகப் போட்டுவிடலாம் என்று பாக்கியநாதன் சாருக்கு ஒரே சந்தோஷம்.

நாடகத்தில் வருகிற நாலு பெயரும் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அதில் புலமாடன் கிடையாது. இதைச் சொன்னேன். "வீட்டுல கூப்பிடுற பேரா இருக்கும் டீச்சர்" என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விருந்தினர் ஒருவர் வருகிறார் என்று மட்டும் சொன்னேன். அப்பா உள்ளங்கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். வலது கையில் குறுக்கே ஒரு தழும்பு, குளிர்காலத்தில் வெடிக்கும். சின்ன வயதில் தாத்தா பிரம்பால் அடித்தது என்பார். இந்தக் கையை வைத்துக்கொண்டு பேனா பிடிக்க வரவில்லை என்றுதான் அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டாராம். நல்ல சாக்கு என்று நான் எப்போதும் கேலி செய்வேன். அப்பா தெப்பக்குளத்துப் பக்கமும் போகமாட்டார். கோயிலுக்குப் போக மேலத்தெருவைச் சுற்றிக்கொண்டு போவார். குளத்துக் காற்று ஜலதோஷம் பிடிக்குமாம்.

பிப்ரவரி 1, சனி

புலமாடன் ஐயா முன்கூட்டியே வந்துவிட்டார். மகள் காரில் கொண்டுவந்து விட்டாள். வெள்ளைச் சட்டை, காதில் மெஷின், நல்ல உயரம். ஒத்திகையைப் பார்க்கிறேன் என்று மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

பிள்ளைகளுக்கு உற்சாகம். நீலச் சேலை ஆடியது. நாலு பையன்களும் விழுந்தார்கள், கயிறு வந்தது, இழுத்தார்கள், சார் முங்கினார், ஊர் அழுதது. தாத்தா வேஷம் போட்ட இசக்கிராஜா நெஞ்சில் அடித்துக்கொண்டான். கொஞ்சம் அதிகமாகவே அடித்துக்கொண்டான்.

முடிந்ததும் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் கைதட்டவில்லை.

"அஞ்சாவது ஆளு எங்கம்மா?" என்றார்.

"நாலு பேருதான் ஐயா."

"விழுந்தது நாலு பேரு. நான் விழலை, குதிச்சேன். எனக்கு நீச்சல் தெரியும். சார் திணறுறதப் பாத்து எறங்கினேன். ஒருத்தனை நான்தான் சார் கையில கொண்டுபோய்க் குடுத்தேன். எங்க தெரு ரயிலடிக்கு அந்தப் பக்கம். எங்க ஆளுக அந்தக் குளத்துல கால் நனைக்கக் கூடாது, தெரியும்லா. மழையில யாரும் பாக்கமாட்டாகன்னு நெனச்சேன்."

சென்னை வாழ்க்கையை மீறி ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். நான் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை.

"நாலு பேரும் கரையேறியாச்சு. எனக்குக் கையில சீவன் இல்ல. சார் கயித்த என் இடுப்புல சுத்தி, இழுங்கன்னு சத்தம் போட்டாரு. இழுத்தாங்க. பாதி தூரம் வந்துட்டேன். முகத்துல கெடந்த முடிய ஒதுக்கிப் பாத்தேன், கரையில இருந்தவங்களும் என்னைப் பாத்தாங்க. ஏல, அது அந்தத் தெருப் பயல்லான்னு ஒரு சத்தம். கயித்த விட்டுட்டாங்க."

சேலையைப் பிடித்திருந்த பிள்ளைகள் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரேயடியா விடல. அதுவும் சொல்லணும். எல்லாரும் விட்ட பெறவும் கயிறு ஒரு இழுப்பு இழுபட்டுச்சு. நுனியில யாரோ ஒருத்தர் மட்டும் பிடிச்சிருந்தாங்க. அந்த ஒரு மூச்சுலதான் சார் என்னை அடியில இருந்து உந்தித் தள்ளினாரு. வடக்குப் படியில என் கால் பட்டுச்சு. திரும்பிப் பாத்தா சாரைக் காணோம்."

என் வாயிலிருந்து ஒரு முட்டாள் கேள்வி வந்தது. "ஆனா கோயில்ல அந்தக் கயித்தப் பள்ளிக்கூடத்துக்கு நினைவாக் குடுத்தாங்களே ஐயா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாவமாகப் பார்த்தார்.

"என் இடுப்புல சுத்தின கயிறும்மா. அத வச்சு மறுபடி சாமித் தெப்பத்த இழுப்பாங்களா? தீட்டுப் பட்டதக் கோயிலுக்குள்ள ஏத்த முடியல. எறியவும் மனசில்ல. பள்ளிக்கூடத்துல போட்டாங்க. உங்களுக்கெல்லாம் தெரியும்னுல்ல நெனச்சேன். தெரிஞ்சுதான் என்னைக் கூப்பிட்டீங்கன்னு வந்தேன்."

ஆறாம் வகுப்பில் நான் அந்தக் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது. அதை வீசியவர் என் தாத்தா என்று அவரிடம் சொல்லவில்லை. அனுசுயா ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். இவள் எந்தத் தெரு என்று இதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை, அதைப் பெருமையாகவும் வைத்திருந்தேன். ரயிலடிக்கு அந்தப் பக்கம்தான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

விளையாட்டுச் சாமான் அறையை ஒதுங்க வைத்தேன். ஓட்டைப் பந்துகள், ஒடிந்த ஈட்டி, கிழிந்த வலை. எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு மறுபடி உள்ளே வைத்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

வாசலில் கத்தரிக்கோலோடு நின்றேன். இசக்கிராஜா கையில் கயிறு இல்லை. அவனாகவே கழற்றியிருந்தான். எனக்கு நிம்மதி வரவில்லை, பயமாக இருந்தது.

தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தக் கண்ணாடிப் பெட்டியையே பார்த்தார். அவர் தினமும் அதற்கு எதிரேதான் டிபன் சாப்பிடுவார்.

"நாடகத்த மாத்தணும் சார்."

"டீச்சர், மந்திரி வாராரு. ஊர்ப் பெரிய மனுசங்கதான் பந்தலுக்கே குடுத்திருக்காங்க. நூறு வருஷத்துக்கு ஒரு நாள். அன்னிக்கு ஊரை ரெண்டாக்க வேண்டாம். விழா முடியட்டும், நானே உங்ககூட நிக்கேன்."

புலமாடன் ஐயாவிடமே கேட்டேன். லாட்ஜ் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "நீங்க எப்படி வேணா போடுங்கம்மா. நான் எப்படிப் போடச் சொல்லியும் வரல. ஞானாபரணம் சாருக்கு ஒரு மாலை போடணும், அவ்வளவுதான்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 5, புதன்

இன்று அப்பாவிடம் பேசினேன். மோர் ஊற்றும்போது, பார்க்காத மாதிரி, ஆரம்பித்தேன். "விருந்தினரா வந்திருக்கவரு, அன்னிக்குத் தண்ணிக்குள்ள அஞ்சாவதா ஒருத்தர் இருந்தாருன்னு சொல்லுதாருப்பா."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"புலமாடன் உயிரோடயா இருக்கான்?" என்றார்.

நான் பெயரைச் சொல்லியிருக்கவே இல்லை. மோரைச் சிந்திவிட்டேன், துடைக்க ஒரு துணி எடுத்து வருவதற்குள் அப்பா கை கழுவி எழுந்து போய்விட்டார். இலையில் சோறு அப்படியே இருந்தது. சார் முங்கின அன்றைக்கு அப்பாவுக்கு எட்டு வயது. கரையில் இருந்தாரா என்று நான் ஒரு தடவையும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை என்றுதான் எழுத வேண்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நிஜத்தையே நடிக்கலாம் டீச்சர் என்றார்கள். அனுசுயா அஞ்சாவது ஆளாகக் குதிக்கிறேன் என்றாள். எப்படித்தான் வருகிறது பார்க்கலாம் என்று ஒரு தடவை, வாசல் கதவைச் சாத்திவிட்டு, போட்டுப் பார்த்தோம். நிஜக் கயிறு இல்லை, கயிறு இழுக்கும் போட்டிக்கு வைத்திருக்கிற கயிறு.

அனுசுயா குதித்தாள். இழுத்தார்கள். இசக்கிராஜா "விடுங்கலே" என்று சொல்ல வேண்டும். சொன்னான், சத்தம் வரவில்லை. விடவும் இல்லை. மூன்று தடவை செய்தோம். மூன்று தடவையும் அவளைக் கரைக்கு இழுத்துவிட்டார்கள்.

"ஏன்ல விட மாட்டேங்க?"

"கை விட மாட்டேங்கு டீச்சர்" என்றான். தலையைக் குனிந்துகொண்டான்.

போதும் என்று நிறுத்தினேன். பழைய நாடகமே போடுவோம் என்று சொல்லிவிட்டேன். தலைமையாசிரியர் சொன்னதால் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அது பொய். முன் வரிசையில் ஊரே உட்கார்ந்திருக்கும்போது என் தாத்தாவை அந்தச் சொல்லைச் சொல்ல வைக்க எனக்குப் பயம். வேறொன்றும் இல்லை.

அப்பா புதன்கிழமையிலிருந்து அளவாகத்தான் பேசுகிறார். இரவு கேட்டார், "கயித்த வெயில்ல போட்டு எடுத்தாச்சா?" என்று. அதுதான் ஒவ்வொரு வருஷமும் கேட்பது.

பிப்ரவரி 10, திங்கள்

விழா முடிந்து வந்த கையோடு எழுதுகிறேன். எழுத்து எப்படியும் போகட்டும்.

கூட்டம் மதில் சுவர் மேல் வரை. மந்திரி வரவில்லை, வேறு யாரையோ அனுப்பியிருந்தார். முன் வரிசையில் ஊர்ப் பெரியவர்கள், கோயில் கமிட்டி, நடுவில் புலமாடன் ஐயா, மடியில் சாருக்கான மாலை. மேடையில் கயிற்று நுனியைப் பிடித்தபடி அப்பா, சலவை வேட்டியில். அவருக்கு முன்னால் இசக்கிராஜாவும் மற்றப் பிள்ளைகளும். நான் திரைக்குப் பக்கத்தில்.

நாலு பேரும் கரையேறினார்கள். இந்த இடத்தில் அப்பா கயிற்றைக் கீழே வைப்பார், சார் முங்குவார், பாட்டு. பாட்டுப் பெட்டியில் என் கை இருந்தது.

அப்பா கீழே வைக்கவில்லை.

"இன்னும் ஒருத்தன் உள்ள கெடக்கான்" என்றார். மேலே தொங்கிய மைக் அதை எடுத்துக்கொண்டது.

பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் புரிய நேரமானது. நாடகத்து ஊர்க்கூட்டத்தில் நின்ற அனுசுயா நீலச் சேலைக்குள் குதித்தாள். சார் வேஷம் போட்டவன் அவள் இடுப்பில் கயிற்றைச் சுற்றினான். இழுத்தார்கள். பாதி தூரம் வந்தாள். அப்பா தலையைத் தூக்கினார். எங்கள் தாத்தாவின் குரலை நான் கேட்டதில்லை, ஆனால் அதுதான் என்று தெரிந்தது.

"ஏல, அது அந்தத் தெருப் பயல்லா. விடுங்கலே கயித்த."

கோயில் கமிட்டித் தலைவர் பாதி எழுந்து நின்றார். அப்படியே நின்றார்.

பிள்ளைகள் விடவில்லை. இசக்கிராஜா குதிகாலை ஊன்றி இழுத்துக்கொண்டே இருந்தான். அப்பா மட்டும் விட்டார். இரண்டு கையையும் விரித்து முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்.

"எங்க ஐயா சங்கரபாண்டி சொன்னது இதுதான். எல்லாரும் விட்டாங்க. நான் கடைசி நுனியில நின்னேன். என் தலையில ஒண்ணு போட்டாரு. பெறவு நானும் விட்டேன். சார் செத்தது அப்படித்தான். இந்த ஊருல அது தெரிஞ்ச ஆளு இன்னும் இருக்காங்க. வருஷா வருஷம் முன்னால உக்காந்து கைதட்டுதாங்க."

நான் ஓடியிருக்க வேண்டும். பாட்டுப் பெட்டியில் வைத்த கையோடு நின்றேன். அப்பா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கை விரித்தபடியே நின்றார், யாராவது வந்து எதையாவது வைக்கட்டும் என்பது போல.

புலமாடன் ஐயா படியேறி வந்தார். மாலையை நாற்காலியிலேயே வைத்துவிட்டார். அப்பாவின் வலது கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். தழும்பின் மேல் கட்டைவிரலை வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடவினார். கயிறு ஓடின வழி அது. பிரம்படி இல்லை. பிரம்படி அப்படி இருக்காது என்பது, எத்தனையோ பிள்ளைகளின் கையைப் பார்த்த எனக்கு இத்தனை வருஷமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"நீதானா அது" என்றார். நீங்க என்று சொல்லவில்லை.

அப்பா கையை உருவிக்கொண்டார்.

பிப்ரவரி 12, புதன்

கண்ணாடிப் பெட்டி உடைந்து கிடக்கிறது. கயிறு இல்லை. பூட்டிய அறைக்குள் யார் வந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லையாம். கோயிலுக்குப் பின்னால் சாம்பல் கிடக்கிறது என்று அனுசுயா வந்து சொன்னாள். தலைமையாசிரியர் எனக்கு மெமோ கொடுத்தார். கொடுத்துவிட்டு, சொன்ன மாதிரியே என் பக்கத்தில் நின்றார்.

எங்கள் வீட்டுச் சுவரில் சாணி. கழுவினேன். அப்பா, "நல்லாத் தேச்சுக் கழுவு" என்றார்.

மார்ச் 27, வியாழன்

நாளைக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. சாயங்காலம் அனுசுயா, இசக்கிராஜா, இன்னும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் எங்கள் வீட்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். கையில் ஹால் டிக்கெட். மணிக்கட்டைப் பார்த்தேன், பழக்கம். ஒருத்தன் கையிலும் கயிறு இல்லை என்று எழுத ஆசைதான். இரண்டு பேர் கையில் இருந்தது.

"என்னட்டி?" என்றேன்.

"கயித்தத் தொட்டுட்டுத்தான் டீச்சர் பரிச்சைக்குப் போவோம். கயிறு இல்லைல்லா. தாத்தா கையத் தொட்டுட்டுப் போறோம்."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் வருவதைப் பார்த்ததும் வலது கையை மூடி வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

"இதத் தொடாதீங்க பிள்ளைகளா" என்றார். "இது விட்ட கை."

அனுசுயா நகரவில்லை. வரிசையும் கலையவில்லை. இருட்டிக்கொண்டு வந்ததால் நான் போய் வாசல் விளக்கைப் போட்டேன்.